மேலே நிற்கும் படகு

அக்டோபர் பிறந்துவிட்டால், போர்த்துகலுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே எல்லையாக ஓடும் குவாடியானா ஆற்றில் படகில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரே பேச்சுதான். இந்தக் குளிர்காலம் யாருக்கு மேலே யார்.

கோடையில் இந்தப் பேச்சே எழாது. ஆறு அசை போடுகிற மாடு மாதிரிப் படுத்துக் கிடக்கும், யாரும் எங்கேயும் நங்கூரம் போட்டுக்கொள்ளலாம். மழை இறங்கினால் கதை வேறு. மேலே ஸ்பெயின் மலைகளில் பெய்கிற தண்ணீர் அத்தனையும், அணைக்காரர்கள் மதகைத் தூக்கினால், இந்த வழியாகத்தான் கடலுக்குப் போயாகவேண்டும். வேரோடு பெயர்ந்த நாணல் புதர்கள் திட்டுத் திட்டாக மிதந்து வந்து நங்கூரச் சங்கிலியில் மாட்டிக்கொள்ளும். ஒன்று மாட்டினால் அடுத்தது அதன்மேல் வந்து உட்காரும். அரைமணி நேரத்தில் ஒரு வீட்டுமனை அளவுக்குச் சேர்ந்துவிட்டால் பிறகு எந்த நங்கூரமும் தாங்காது. படகு பிடியை விட்டு நழுவி, நீரோட்டத்தில் தனக்குக் கீழே நிற்கிறவன்மேல் போய் விழும்.

அதனால்தான் அக்டோபர் முதல் வாரத்தில் எல்லாரும் போர்த்துகல் கரையில் இடலினா நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குக் காகிதத்தோடு வருவார்கள். இன்சூரன்ஸ் காகிதம். ஜாதகம் மாற்றிக்கொள்கிற மாதிரி ஒருவருடையதை ஒருவர் வாங்கிப் பார்ப்பார்கள், கூச்சநாச்சம் கிடையாது. காகிதம் உள்ள படகு மேலே நிற்கும், இல்லாத படகு அதற்குக் கீழே போய் நிற்கும். மேலே நிற்பவன் வந்து இடித்தாலும் அவனுடைய கம்பெனி கொடுத்துவிடும் என்ற தைரியம்தான்.

முன்பெல்லாம் எல்லாரிடமும் காகிதம் இருந்தது. பிரெக்ஸிட் வந்து பிரிட்டன் தனியாகப் போனபிறகு இங்கிருந்த ஆங்கிலேயர்களுக்கு இரண்டே வழி. நான் இங்கேதான் குடியிருக்கிறேன் என்று போர்த்துகல் அரசிடம் பதிந்து அட்டை வாங்கிக்கொண்டால் இருக்கலாம். பதியாவிட்டால் ஆறு மாதத்தில் மூன்று மாதம்தான், பிறகு மூட்டையைக் கட்டவேண்டும். பதிந்தவர்களுக்கு அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. ஐரோப்பாவில் குடியிருக்கிறவர்களுக்கு இன்சூரன்ஸ் தர இனி எங்களுக்கு அனுமதியில்லை என்று லண்டன் கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. இங்கத்திய கம்பெனிகளோ படகைத் தண்ணீரிலிருந்து தூக்கு, பரிசோதனை வை, நாற்பது வயதுக்கு மேற்பட்ட படகென்றால் மன்னிக்கவும் என்றன. ஆற்றில் இருந்த படகுகளில் பாதி நாற்பதைத் தாண்டினவை. ஓட்டுகிறவர்கள் எழுபதைத் தாண்டினவர்கள்.

அந்த வருஷம், பிரிவுக்குப் பின் மூன்றாவது குளிர்காலம், காகிதம் வைத்திருந்த ஆங்கிலேயர்கள் டோரீனும் அவள் புருஷன் வில்ஃபும் மட்டும்தான். ஃபிளீட்வுட் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல்களுக்கு எஞ்சின் பார்த்தவன் வில்ஃப். இங்கே வந்து பன்னிரண்டு வருஷமாக ஆற்றுப் படகுகளுக்கெல்லாம் அவன்தான் மருத்துவன். டோரீன் பாய்களுக்கு உறை தைப்பாள், கிழிந்ததை ஒட்டுப் போடுவாள். காகித சமாச்சாரமெல்லாம் அவள் பொறுப்பு. வில்ஃபுக்கு எழுத்து என்றாலே கை வலிக்கும்.

டோரீன் உறையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். லெஸ்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தான். பிரிஸ்டல்காரன், தச்சன், பெண்டாட்டி இறந்தபிறகு வீட்டை விற்று 'ரென்' என்ற மரப்படகை வாங்கி ஒன்பது வருஷமாக இந்த ஆற்றில் கிடக்கிறான்.

"உங்களுக்கு மட்டும் எப்படித்தான் கொடுக்கறானோ," என்றான்.

"பழைய வாடிக்கை. அவ்வளவு லேசுல விடுவானா?"

"முந்தின படகையும் சேத்து நான் பத்தொன்பது வருஷம் கட்டினேன் டோரீன். எனக்கு ஒரு லெட்டர். இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி. முடிஞ்சுது."

"நீ அவன்கிட்ட என்ன உளறித் தொலைச்சே?"

"எங்க குடியிருக்கேன்னு கேட்டான். இங்கதான்னேன். வேற என்ன சொல்ல, நிலாவுலயா?"

வில்ஃப் பீர் கோப்பையைக் கீழே வைத்தான். "எங்க படகுக் கொடியப் பார்த்தாலே கொடுத்துருவான் லெஸ்லி. ஒன்ன மாதிரி அழுக்குத் துணியா பறக்க விட்டிருக்கோம்?"

"பேசறாரு பாரு, ஓட்டுப் போட்ட மகராசன்!" என்றான் லெஸ்லி.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு வெளியேறட்டும் என்று வில்ஃப் இங்கிருந்தே தபாலில் ஓட்டுப் போட்டது ஆற்றில் யாருக்கும் தெரியாத விஷயமில்லை. ஐரோப்பாவோடு கடலைப் பங்கு போட்டதில் ஃபிளீட்வுட்டில் மீன்பிடிக் கப்பல்கள் ஒவ்வொன்றாக உடைபட்டதைப் பார்த்தவன் அவன். நம்ம கடலை நம்மகிட்டத் திருப்பித் தரப்போறாங்க என்று அன்றைக்குக் கடையில் எல்லாருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தான். கடல் யாருக்குக் கிடைத்ததோ தெரியாது, வில்ஃபுக்கு வருஷா வருஷம் இந்தக் கிண்டல் கிடைத்தது.

"சரி, கிண்டலை விடு," என்றான் லெஸ்லி. குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணே ஒண்ணு சொல்லு டோரீன். இது செல்லும்தானே?"

"கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு, தேதி இருக்கு. கண்ணு இருக்கில்ல, பாரேன்."

"அப்ப நான் உங்களுக்குக் கீழ வந்துடறேன். டச்சுக்காரன் கீழ இடம் இருக்கு, ஆனா அவன் சங்கிலி நூல் மாதிரி. உங்களுக்குக் கீழன்னா கவலையில்லாமத் தூங்கலாம்."

"வா. யாரு வேணாம்ன்னா?"

தான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று டோரீன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. பொய் வேறு காகிதத்தில் இருந்தது. லெஸ்லிக்கு வந்த கடிதத்தை இரண்டு வருஷம் முன்னால் இதே மேசையில் உட்கார்ந்து அவள்தான் அவனுக்குப் படித்துக் காட்டினாள். உண்மை சொன்னவன் கதி அதுதான் என்று தெரிந்துபோயிற்று. அடுத்த வாரம் கம்பெனிப் படிவத்தில் 'நிரந்தரமாகக் குடியிருக்கும் இடம்' என்ற கட்டத்தில் ஃபிளீட்வுட்டில் தங்கை பெரில் வீட்டு விலாசத்தை எழுதி அனுப்பினாள். அந்த மாதம்தான் போர்த்துகல் அட்டைக்கும் கையெழுத்துப் போட்டிருந்தாள். இவர்களிடம் இங்கே குடியிருக்கிறேன் என்றும், அவர்களிடம் அங்கே குடியிருக்கிறேன் என்றும். வில்ஃபிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் கிழித்துப் போட்டிருப்பான்.

டிசம்பர் இரண்டாம் வாரம் மழை பிடித்தது. நாலு நாள் நிற்கவேயில்லை. ஆறு முதலில் டீத்தண்ணீர் நிறமாயிற்று, அப்புறம் செங்கல் நிறம். அணையைத் திறக்கப்போகிறார்கள் என்று ஊர்மன்றத்து ஆள் கரையில் நின்று கத்திவிட்டுப் போனான். டோரீன் பட்டாணி சூப்பைப் பெரிய பானையில் வைத்து மூடியைக் கயிற்றால் கட்டினாள். வெள்ளக் காலத்தில் அடுப்பு பற்றவைக்க எப்போது நேரம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணி இருக்கும். ஸ்பெயின் கரை மாதாகோவில் ஒன்பது அடித்தது, அவர்கள் எப்போதும் ஒரு மணி நேரம் முந்தி. மழை லேசாக விட்டிருந்தது. வில்ஃப் முன்பக்கம் துறட்டியோடு நின்றான். டோரீன் எஞ்சினை ஓட்டி, சங்கிலிமேல் பாரம் விழாமல் படகை முன்னுக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வருதுடீ," என்றான் வில்ஃப்.

வளைவைத் தாண்டி வந்தது அது. நாணல்தான், ஆனால் நடுவில் ஒரு முழு யூகலிப்டஸ் மரம், வேரும் கிளையுமாக. அதன்மேல் ஒரு செத்த ஆடு. நேராகச் சங்கிலியில் வந்து ஏறி உட்கார்ந்தது. படகின் மூக்கு ஒரு முழம் தண்ணீருக்குள் இறங்கியது.

இப்படி மாட்டினால் பக்கத்துப் படகுக்காரர்கள் ரப்பர் படகில் வந்து அறுத்துவிட வேண்டும், அது ஆற்றில் எழுதாத சட்டம். தன் படகை விட்டுவிட்டு வரவேண்டும். டச்சுக்காரன் வரவில்லை, அவன் சங்கிலியிலேயே ஒரு திட்டு ஏறியிருந்தது. லெஸ்லி வந்தான். ரம்பத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அந்தச் சுழலில் ரப்பர் படகை ஓட்டி வந்து மரத்தோடு சேர்த்துக் கட்டினான்.

"வில்ஃப், நீ நாணலைத் தள்ளு! மரத்தை நான் பாத்துக்கறேன்!"

"கிளைய அறு! வேர்ப்பக்கம் போகாத, உருண்டா செத்தே!"

"எனக்கு மரத்தப் பத்திச் சொல்லித் தர்றியா? நாப்பது வருஷத் தச்சன்யா நான்!"

"தச்சன்னா சீக்கிரம் அறுய்யா!"

அரைமணி நேரம் அறுத்தான். கைகளில் ரத்தம். டோரீன் பின்பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் காலுக்குக் கீழே படகு நடுங்கிக்கொண்டிருந்தது. கிளைகள் இரண்டு போயின. மூன்றாவது பாதி அறுந்தபோது நடுக்கம் சட்டென்று நின்றது. படகு லேசாயிற்று. நங்கூரம் பெயர்ந்துவிட்டது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. எஞ்சினை முழுக்கத் திறந்தாள். படகுக்கு அடியில் சுழலும் விசிறியை நாணல் சுற்றிக்கொண்டு எஞ்சின் இருமி நின்றுபோயிற்று.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. படகும் மரமும் நாணலும் செத்த ஆடும் லெஸ்லியும் ஒன்றாகச் சேர்ந்து பின்னோக்கிப் போனார்கள். கீழே ஐம்பது கஜத்தில் 'ரென்' ஆளில்லாமல் நின்றிருந்தது. ஜன்னலில் லெஸ்லியின் தேநீர்க் குவளை வைத்திருந்தது டோரீனுக்குத் தெரிந்தது. இவர்களுடைய இரும்புப் படகின் பின்மூலை அதன் நடுவயிற்றில் போய் இடித்தது. சத்தம் பெரிதாக இல்லை. பலகை உள்ளே போனது. இவர்கள் படகு அதை உரசிக்கொண்டு சுழன்று போர்த்துகல் கரைச் சேற்றில் போய்க் குத்தி நின்றது. 'ரென்' கால்மணி நேரம் தாங்கியது. லெஸ்லி மரத்தை விட்டு ரப்பர் படகில் போய்ச் சேருவதற்குள் மேல்தளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. பாய்மரத்தின் நுனி மட்டும் தெரிந்தது. அதிலும் ஒரு நாணல் வந்து தொற்றிக்கொண்டது.

லெஸ்லியைக் கரைக்குக் கூட்டிவந்து போர்வை போர்த்தி உட்காரவைத்தார்கள். டோரீன் சூப்பை அவன் கையில் கொடுத்தாள், அவனால் பிடிக்க முடியவில்லை. உளிகள், இழைப்புளிகள், பெண்டாட்டியின் புகைப்படங்கள், பெண்டாட்டி பின்னின ஸ்வெட்டர், எல்லாம் உள்ளே. டோரீன்தான் அழுதாள்.

"அழாத டோரீன்," என்றான் லெஸ்லி. பல் தந்தியடித்தது. "உசிர் இருக்கு. ஒங்கிட்டக் காகிதம் இருக்கு. வேற யாராச்சும் இடிச்சிருந்தா நான் நடுத்தெருவுல நின்னுருப்பேன்."

அன்றைக்கு ராத்திரி டோரீன் கண்ணை மூடவில்லை. மறுநாள் பகலில், தளத்தில் அப்பின சேற்றை இருவரும் மண்வெட்டியால் வழித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். குனிந்தபடியே சொன்னாள். வில்ஃப் மண்வெட்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"பெரில் வீட்டு விலாசமா?"

"ஆமா."

"நாம அங்க குடியிருக்கோம்ன்னா எழுதினே?"

"அப்படித்தான் எழுதினேன்."

"ஐம்பது வருஷம் வேலை பாத்திருக்கேன் டோரீன். ஒரு நட்டு மாத்தாம மாத்தினேன்னு பில்லு போட்டதில்ல. எம்பேர்ல பொய் எழுதியிருக்கே."

"ஒம்பேர்ல இல்ல, நம்ம பேர்ல. உண்மையை எழுதியிருந்தா லெஸ்லிக்கு வந்த லெட்டர்தான் நமக்கும் வந்திருக்கும்."

"வந்துட்டுப் போகட்டுமே! நாம கீழ போய் நின்னுருப்போம், எல்லாருக்கும் கீழ. அவன் நம்ம கீழ வந்து நின்னுருக்க மாட்டான்."

இதுதான் அவள் விடிய விடிய யோசித்தது. அதை அவன் வாயால் கேட்டதும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் ஒரு கட்டத்துல விலாசம் எழுதினேன். நீ ஓட்டுச்சீட்டுல ஒரு கட்டத்துல பெருக்கல் குறி போட்டே. முதல்ல போட்டது யாரு? நீ போடலேன்னா நான் ஏன் எழுதப்போறேன்?"

"என் ஒரு ஓட்டுலயா எல்லாம் போச்சு?"

"என் ஒரு பொய்லயா எல்லாம் போச்சு?"

கொஞ்ச நேரம் இருவரும் சேற்றைத்தான் வழித்தார்கள். கரையில் இடலினாவின் நாய் குரைத்துக்கொண்டிருந்தது.

"ஆளு வருவான்," என்றான் வில்ஃப் கடைசியில். "இன்சூரன்ஸ் ஆளு. கேப்பான்."

"கேப்பான்."

"உண்மையச் சொன்னா?"

"லெஸ்லிக்கு ஒண்ணும் வராது. ஒரு பலகை வாங்கக்கூட வராது."

வில்ஃப் மண்வெட்டியைத் தண்ணீரில் அலசினான். ரொம்ப நேரம் அலசினான். "அப்ப நீயே பேசு. எனக்கு வராது. நான் ஆத்தப் பாத்துக்கிட்டு நிக்கறேன்," என்றான்.

படகு இடித்த எட்டாம் நாள் ஃபாரோ நகரத்திலிருந்து வந்தார் கம்பெனி அனுப்பின மதிப்பீட்டாளர். அமாடேயு என்று பெயர். ஐம்பது வயது, நல்ல ஆங்கிலம், ரப்பர் பூட்ஸ் காரிலேயே வைத்திருந்தார். சங்கிலியின் தடிமனை அளந்தார், நங்கூரத்தைப் படம் பிடித்தார், பாதி அறுந்த கிளையைக்கூடப் படம் பிடித்தார். லெஸ்லியிடம் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்.

"சங்கிலி போதுமானது, நங்கூரம் போதுமானது," என்றார் டோரீனிடம். "ஆளும் இருந்திருக்கீங்க. மரம் வந்தா யாரு என்ன பண்ண முடியும்? எனக்கு ஒரு குறையும் தெரியல. சம்பிரதாயத்துக்கு ரெண்டு கேள்வி, கேட்டுட்டுப் போயிடறேன். நிரந்தரமா எங்க இருக்கீங்க?"

"ஃபிளீட்வுட்ல. தங்கச்சி வீட்டு மாடியில."

"இங்க எப்ப வந்தீங்க?"

"அக்டோபர்ல. குளிருக்கு ரெண்டு மூணு மாசம் வருவோம், போவோம்."

அவர் எழுதிக்கொண்டார். வில்ஃப் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பிடரி சிவந்திருந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள் டோரீன். வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே இதுதான் நல்ல பொய் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அமாடேயு பையை மூடும்போது லெஸ்லி தடுத்தான். "சாப்பிடாம அனுப்பினா எப்படி? இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. இடலினா கடையில இன்னைக்கு விலாங்கு. என் செலவு."

"லெஸ்லி, அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்," என்றாள் டோரீன்.

"விலாங்கா?" என்றார் அமாடேயு. "எங்கம்மா செய்வாங்க. செத்து ஏழு வருஷமாச்சு."

கடையில் நாலு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். இடலினா மண்சட்டியோடு விலாங்குக் குழம்பைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள், அடியில் வறுத்த ரொட்டி, மேலே கொத்தமல்லி. வந்திருப்பவர் யார் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள். போர்த்துகீசியத்தில் ஆரம்பித்தாள்.

"சென்யோர், நான் படிக்காதவ. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. இவங்கள மாதிரி மனுசங்கள நீங்க பாக்க முடியாது. இந்தக் கிழவர் என் ஐஸ்பெட்டிய எத்தனை தடவ ரிப்பேர் பண்ணியிருக்காரு, ஒரு காசு வாங்கினதில்ல. டோனா டோரீன் என் மக கல்யாணத்துக்கு மேசை விரிப்பு பூரா தைச்சுக் கொடுத்தாங்க."

"தெரியுது அம்மா," என்றார் அமாடேயு, வாய் நிறைய.

டோரீனுக்குப் போர்த்துகீசியம் நன்றாகப் புரியும். அவள் இடலினாவின் கண்ணைப் பிடிக்கப் பார்த்தாள். இடலினா அவள் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு உற்சாகம் ஏறியிருந்தது.

"எவனோ வெளியூர்க்காரன் சுத்திப் பாக்க வந்தவன்னு நெனச்சுக் காசக் கொறச்சுப்புடாதீங்க. இவங்க எங்க ஊர்க்காரங்க! பன்னெண்டு வருஷமா இங்கதான் இருக்காங்க. மழையோ வெயிலோ ஒரு கிறிஸ்துமஸ்கூட வேற எங்கயும் போனதில்ல."

"இடலினா, ரொட்டி இன்னும் கொஞ்சம்..." என்றாள் டோரீன்.

"வருது, வருது. அட்டை வாங்கறதுக்கு ஊர்மன்றத்துல ரெண்டு சாட்சி கேட்டாங்க. யாரு போட்டதுங்கறீங்க? நானும் என் புருஷனும்! இவங்க இங்கதான் நிரந்தரமாக் குடியிருக்காங்கன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அட்டை வந்த அன்னைக்கு கேக் வெட்டினோம். அதோ பாருங்க, படம் மாட்டியிருக்கேன்."

சுவரில் காப்பி மிஷினுக்கு மேலே படம் இருந்தது. டோரீனும் வில்ஃபும் ஆளுக்கொரு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவில் இடலினா கத்தியோடு. அமாடேயு அதைப் பார்த்தார். முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் மெல்ல வைத்தார்.

"என்ன சொல்றா?" என்றான் லெஸ்லி. ஒன்பது வருஷத்தில் அவன் கற்றது ரொட்டி, பீர், நன்றி.

"நம்மளப் புகழ்றா," என்றாள் டோரீன்.

"தங்கமான பொம்பள," என்றான் லெஸ்லி. இடலினாவைப் பார்த்துக் கையைக் கூப்பாத குறையாகத் தலையாட்டினான். "ஒப்ரிகாதோ! ஒப்ரிகாதோ!"

இடலினா அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு ரொட்டி எடுக்கப் போனாள்.

சாப்பிட்டு முடித்து, லெஸ்லியைப் பணம் கொடுக்க விடாமல் அமாடேயுவே கொடுத்தார். கார் வரைக்கும் டோரீன் கூடப் போனாள். அவர் கதவைத் திறந்துவிட்டு நின்றார்.

"சென்யோரா, நான் சாப்பாட்டுக்கு வராமலே இருந்திருக்கலாம்."

"அவளுக்குத் தெரியாது. நல்லது பண்றதா நெனச்சா."

"தெரியுது."

"நீங்க கேக்கலைன்னு வெச்சுக்கக் கூடாதா? எங்களுக்கு வேணாம். எங்க படகுக்கு ஒரு காசு வேணாம். அந்த மனுசனுக்கு மட்டும். அவன் எங்களக் காப்பாத்த வந்தவன்."

"நான் எழுதாம விடலாம். ஆறு மாசம் கழிச்சு எவனாவது அந்த அட்டைய ஒரு நிமிஷத்துல தேடி எடுப்பான். அப்ப என் வேலை போகும், அவருக்கு அப்பவும் கிடைக்காது." அவர் காரில் ஏறினார். "இந்தப் பிரிவினையால என் மேசையில மட்டும் இந்த மாதிரிப் பதினோரு கேஸ் இருக்கு. எல்லாரும் நல்லவங்கதான்."

இது நடந்தது டிசம்பர் இருபது வாக்கில். லெஸ்லியிடம் சொல்லியிருக்கவேண்டும். அன்று சாயந்தரமே சொல்லியிருக்கவேண்டும். வில்ஃப் தினமும் காலையில் ஒரு தடவை கேட்டான், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா என்று. கடிதம் வரட்டும் என்றாள் டோரீன். ஒருவேளை அந்த ஆள் எழுதாமல் விட்டிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டு ஆறு வாரம் ஓட்டினாள்.

அந்த ஆறு வாரமும் லெஸ்லி இடலினாவின் சரக்கறையில், எண்ணெய் டின்களுக்கும் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும் நடுவே, ஒரு கட்டிலில் இருந்தான். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் படகு வரைந்துகொண்டிருந்தான். டோரீன் சூப் கொண்டுபோகும்போதெல்லாம் காட்டுவான்.

"இந்தத் தடவ சமையல் மேடை இந்தப் பக்கம். வெளிச்சம் வரும் பாரு."

"நல்லாருக்கு லெஸ்லி."

"பலகை மட்டும் நல்லதா வாங்கிட்டா மத்ததெல்லாம் என் கையி. உளிக்கும் சேத்துப் பணம் தருவாங்களா டோரீன், இல்ல படகுக்கு மட்டுமா?"

"பாக்கலாம்."

"கஞ்சப் பயலுகளா இருப்பானுக. உளி இல்லாட்டியும் பரவால்ல."

டோரீன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வருவாள். வருகிற வழியில் படித்துறையில் உட்கார்ந்துகொள்வாள். பாய்மர நுனி இன்னும் தண்ணீருக்கு மேலே நின்றது, அதில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. எங்கே வரும், அவள் கொடுத்த விலாசத்துக்குத்தான் வந்தது. பெரில் ஃபிளீட்வுட்டிலிருந்து போன் பண்ணிப் படித்தாள். ஒரு பக்கம்தான். குடியிருப்பு பற்றித் தவறான தகவல் தரப்பட்டிருப்பதால் இந்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே இல்லாததாகக் கருதப்படும். மூன்றாம் தரப்பினர் எவருக்கும் பொறுப்பேற்க இயலாது.

"மூணாம் தரப்பினர்ன்னா யாரு அக்கா?" என்றாள் பெரில்.

"இங்க ஒருத்தன் இருக்கான்," என்றாள் டோரீன்.

வில்ஃப் தொப்பியை எடுத்தான். அவள் வேண்டாம் என்றுவிட்டுத் தனியாகப் போனாள். சரக்கறை வாசலில் நின்றபடி சொன்னாள். விலாசம் எழுதினதிலிருந்து, கடையில் காகிதம் காட்டினது, இடலினா பேசினது, அன்றைக்கு அதை அவனிடம் மறைத்தது வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல நினைத்திருந்தாள், அதற்கு இடம் வரவில்லை. லெஸ்லி பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தவன் சீவி முடித்தான். வரைந்த தாள்களை ஒன்றாக அடுக்கினான். அடுக்கினதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

"அப்ப செல்லாத காகிதம்," என்றான்.

"செல்லாத காகிதம்."

"நான் கேட்டேனே டோரீன்."

"கேட்டே."

அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் பிரான்ஸிலிருந்து இடலினாவின் மகன் குடும்பத்தோடு வருவதாக இருந்தது, சரக்கறை வேண்டும். இடலினா வாயால் சொல்லவில்லை, உருளைக்கிழங்கு மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே நகர்த்தினாள். அதைப் பார்த்துவிட்டு வந்த வில்ஃப், சேற்றிலிருந்து இழுத்து மறுபடி நங்கூரம் போட்டிருந்த படகின் முன்னறையைக் காலி பண்ணினான். டோரீனின் தையல் மிஷின், பாய்த்துணி எல்லாவற்றையும் தூக்கித் தளத்தில் வைத்து மூடினான். பிறகு லெஸ்லியைப் போய்க் கூட்டிவந்தான். ஒரு பைதான் சாமான். தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தவன் முன்னறையை ஒரு நோட்டம் பார்த்தான், கட்டில் பலகையைத் தச்சன் கையால் தட்டிப் பார்த்தான், பையை வைத்தான்.

சாயந்தரம் ஐந்து மணிக்கெல்லாம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சின்ன மேசை, முழங்கால் முழங்காலில் இடித்தது. முட்டைக்கோஸ் சூப், ரொட்டி. லெஸ்லி உப்பு கேட்டான், வில்ஃப் எடுத்துக் கொடுத்தான். சூப் நன்றாயிருக்கிறது என்றான் லெஸ்லி. வெளியே மழை மறுபடி தொடங்கியிருந்தது. வில்ஃப் சங்கிலியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேலே போனான்.

டோரீனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கரண்டியைப் போட்டாள்.

"லெஸ்லி, என்னை ஏதாவது கேளு. கத்து. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை திட்டித் தொலையேன். இப்படி நல்லாருக்கு நல்லாருக்குன்னு சாப்பிடாத."

லெஸ்லி ரொட்டித் துண்டால் கிண்ணத்தைச் சுற்றித் துடைத்தான். அவளைப் பார்க்கவில்லை.

"திட்டலாம்தான் டோரீன்," என்றான். "திட்டிட்டு நான் எங்க போய்ப் படுக்கறது?"